சிவப்பு மானின் காலடியில் கரி

1976 மே 15, சனி

இன்று பரராசசிங்கத்தின் முன்னால் என் மானம் போயிற்று. எழுதி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கே மறந்துபோய் மறுபடி வாயைத் திறப்பேன்.

என் மகள் மரகதம் வேலை பார்க்கிற நாட்டின் பெயரையே தப்பாக எழுதுகிறாள், எம்.ஏ. படித்து என்ன பிரயோசனம், போட்ஸ்வானா என்று ஒரு நாடே கிடையாது என்று இரண்டு மாதமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊர் என்றால் டொராண்டோ ரெக்ஸ்டேலில் இந்தப் பதினாலு மாடிக் கட்டடத்தில் இருக்கிற நாலு தமிழ்க் குடும்பம். ஆதாரம், மதுரையில் நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தபோது வாங்கிய அட்லஸ். கடல் தாண்டி இங்கே வரைக்கும் கொண்டுவந்திருக்கிறேன்.

இரண்டு மாடி கீழே இருக்கிற பரராசசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், பாங்கில் வேலை, எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். லைப்ரரியிலிருந்து புது அட்லஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

"அண்ணை, உங்கட அட்லஸ் வெள்ளைக்காரன் காலத்திலை அடிச்சது. உதிலை பெச்சுவானாலாந்து எண்டு கிடக்கெல்லே, அதுதான் போட்ஸ்வானா. பேர் மாத்திப் பத்து வருசமாகுது."

"மாத்தினவங்க எனக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே" என்றேன்.

"ஓம், ஓம். மறந்துபோயிட்டினம் போலை."

என் மனைவி வேணி அடுக்களையிலிருந்து சிரித்தாள். அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகிறது. நானும் சும்மா இருக்காமல், மகளுக்கு 'முகவரியை ஒழுங்காக எழுது' என்று போட்ட கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். இன்னும் சிரித்தாள். திடீரென்று வலது விலாவைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சிரிச்சா இங்க இழுக்குதுங்க" என்றாள்.

மே 20, வியாழன்

ஆஸ்பத்திரி. படம் எடுத்தார்கள். முடிவு அடுத்த வாரம்.

மே 28, வெள்ளி

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். பட்டறையில் நாங்களும் வார்ப்புகளுக்கு உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று இப்படித்தான் படம் எடுத்துப் பார்ப்போம். இருந்தால் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டு ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்போம். டாக்டர் பேசப்பேச எனக்கு அந்தச் சாக்கட்டிதான் ஞாபகம் வந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அறுத்து எடுத்த புற்று திரும்பி வந்து கல்லீரலில் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு நாள் என்று கேட்டேன். சில மாதங்கள் என்றார். சில என்றால் எத்தனை? பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வேணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கிப்ளிங் அவென்யூ வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது சொன்னாள்:

"மரகதத்துக்கு எழுதாதீங்க."

72-ல் இவளுக்கு ஆபரேஷன் என்றதும் மரகதம் படிப்பை நடுவில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். இவள் எழுந்து நடமாடி ஆறு மாதம் ஆன பிறகும் போகவில்லை. உதவித்தொகை கைவிட்டுப் போயிற்று, இரண்டு வருஷம் கடை ஒன்றில் நின்றாள். வேணி அதை மறக்கவே இல்லை. இப்போதுதான் அந்தப் பெண் மறுபடி படித்து, பாறையில் ஆதி மனிதர் எழுதிய சித்திரங்களை ஒரு அருங்காட்சியகத்துக்காகப் படியெடுக்கிற வேலைக்குப் போயிருக்கிறாள். டிசம்பரில் முடியும்.

"இன்னொரு தடவை என்னால அவ பாதியில எந்திரிச்சு வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பஸ் நிறுத்தத்தில் நின்று சத்தியம் பண்ணினேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, நான் கையைப் பிடித்ததைப் பார்த்துப் புன்னகை செய்தாள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

ஜூன் 6, ஞாயிறு

மரகதத்தின் கடிதம். ஒரு மாதத்துக்கு முன்னால் போட்டது. சோடிலோ என்று பெயராம். மணல்வெளிக்கு நடுவே மலைகள், பெரியது ஆண், அடுத்தது பெண், சின்னது பிள்ளை என்று அங்கே இருக்கிறவர்கள் சொல்கிறார்களாம். மலைக்குள் தெய்வங்கள் இருப்பதாக நம்புகிறார்கள், அங்கே சத்தம் போடக் கூடாது, எதையும் கொல்லக் கூடாது என்று எழுதியிருந்தாள். வேணி மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

"அப்ப அது கோயில்தானே" என்றாள்.

ஜூன் 13, ஞாயிறு

இன்று காலை இட்லி வைத்துக்கொண்டே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். ஜூலையில் பட்டறை இரண்டு வாரம் மூடுகிறார்களே, அப்போது மதுரை போகவென்று சேர்த்து வைத்திருந்த பணத்தில் நான் மட்டும் ஆப்பிரிக்கா போய் மரகதத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம்.

"உன்னைத் தனியா விட்டுட்டா?"

"இப்ப நடக்குறேன், சமைக்குறேன். இன்னும் ரெண்டு மாசம் போனா உங்களால நகர முடியாது. கீழ பரராசசிங்கம் வீட்டு சீதா பாத்துக்குறேன்னுட்டா. எல்லாம் கேட்டாச்சு."

"போய் என்ன சொல்றது? சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னா?"

அவள் அடுப்பைத் தணித்தாள். "ரெண்டு மனசா இருக்குங்க. அவளைப் பாக்கணும்னும் இருக்கு, கெடுக்கக் கூடாதுன்னும் இருக்கு. நானா முடிவு பண்ண முடியல. அந்த மலைக் கோயில்ல கேட்டுப் பாருங்க."

கேட்பது என்றால் கற்பூரத்திடம். இது அவள் வீட்டுப் பழக்கம். மற்றவர்கள் பூக்கட்டிப் போட்டு உத்தரவு கேட்பார்கள், இவர்கள் கற்பூரம். மனசில் நினைத்துக்கொண்டு ஒரே ஒரு கட்டி ஏற்ற வேண்டும். கடைசி வரைக்கும் தானாக எரிந்து முடிந்தால் சரி என்று அர்த்தம். நடுவில் அணைந்தால் வேண்டாம். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம். மரகதத்துக்கு இதெல்லாம் தெரியாது. கேலி செய்வாள் என்று அவள் எதிரில் இவள் செய்வதே இல்லை.

கனடா வரலாமா என்றும் இப்படித்தான் 68-ல் கேட்டாள். மரகதம் பரீட்சைக்குப் போயிருந்தாள். கற்பூரம் முழுக்க எரிந்தது. அன்று நான் பூனை மாதிரி போய் மின்விசிறியை நிறுத்தினது இன்றைக்கு வரைக்கும் வேணிக்குத் தெரியாது.

எரிந்தால் மரகதத்திடம் சொல்லிக் கையோடு கூட்டி வர வேண்டும். அணைந்தால் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் உத்தரவு.

ஜூலை 9, வெள்ளி

விமான நிலையத்துக்குப் பரராசசிங்கம் காரில் கொண்டுவந்துவிட்டார். வேணி லிஃப்ட் வரைக்கும் வந்தாள். ஒரு ஃபிலிம் டப்பாவைக் கையில் கொடுத்தாள். குலுக்கிப் பார்த்தேன், கடகடவென்றது.

"ரெண்டு கட்டி. ஒண்ணு நமுத்துப்போனா இன்னொண்ணு இருக்கட்டும். கரைஞ்சு போகாம மிளகு போட்டிருக்கேன்."

லிஃப்ட் கதவு மூடுகிற நேரத்தில், "காத்தில்லாத இடமாப் பாத்து ஏத்துங்க" என்றாள்.

அப்படியானால் அவள் மனசு எந்தப் பக்கம்? லண்டன் வரைக்கும் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 13, செவ்வாய்

லண்டன், லுசாக்கா, அங்கிருந்து மௌன் என்கிற ஊருக்கு ஒரு குட்டி விமானம். அதில் எனக்குப் பக்கத்து இருக்கையில் இரண்டு கோழிகள். மரகதம் லாரியோடு வந்திருந்தாள். கால்சட்டை, தொப்பி, முகமெல்லாம் கறுத்து உதடு வெடித்து. என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அடுத்த நிமிஷம் என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா வரலையா?"

"ஒரு டிக்கெட்தான் கிடைச்சது. சீட்டுக் குலுக்கிப் போட்டோம், நான் ஜெயிச்சேன்" என்றேன். சிரித்தாள்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று மூன்று மெல்லிய மல் சட்டை கொண்டுவந்தேன். இங்கே ஜூலையில் குளிர்காலமாம். டொராண்டோவில் எட்டுப் பனிக்காலம் தாண்டியவன் லாரியின் பின்னால் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறேன்.

ஜூலை 14, புதன்

மணலில் லாரி ஏழு தடவை புதைந்தது. நானும் இறங்கித் தள்ளினேன். தள்ளினேன் என்பதைவிடச் சாய்ந்து நின்றேன் என்பதே சரி.

மாலையில் மலை தெரிந்தது. தட்டையான பூமியில் திடீரென்று எழுந்து நிற்கிறது. வெயில் சாயச் சாய நிறம் மாறியது. யாரும் சொல்லாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மரகதம் பார்த்துவிட்டாள்.

அவளோடு வேலை செய்கிறவர் தோமா என்கிற சான் இனத்தவர். நாற்பது வயதிருக்கும், என் தோளுக்கு வருவார். பெயருக்கு முன்னால் நாக்கை மேலே ஒட்டி ஒரு சொடுக்குப் போட வேண்டும். நான் போட்டேன். வண்டிமாட்டை விரட்டுகிற சத்தம்தான் வந்தது. தோமா விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மாட்டுச் சத்தத்தைப் போட்டுத்தான் கூப்பிட்டார். நானும் திரும்பினேன்.

ஜூலை 15, வியாழன்

மரகதம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பெண் மலையில் கொஞ்சம் ஏறினால் கூரை மாதிரி முன்னால் நீட்டிய பாறை. அதன் அடியில் சிவப்பில் சித்திரங்கள். நான் "மாடு" என்றேன். "இல்லப்பா, ஈலண்ட்னு பெரிய மான்" என்றாள். அடுத்ததை மான் என்றேன். அது மாடாம். மேற்கொண்டு ஊகிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

யார் எழுதியது என்று கேட்டேன். வேட்டையாடின சான் மக்களின் முன்னோரும், மாடு மேய்த்த கொய்கொய் வழியினரும் என்று சொல்கிறார்கள், யார் எதை எழுதினார்கள் என்று தீர்மானமாகச் சொல்ல முடியாது, ஆயிரம் வருஷம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம் என்றாள். தூரிகை இல்லை, விரலால் எழுதியதாம். கிட்டே போய்ப் பார்த்தேன். உண்மைதான். மானின் முதுகுக் கோடு ஒரு விரல் அகலம். தொட்டுத் தொட்டு வைத்திருக்கிறார்கள். வேணி வாசல்நிலையில் குங்குமம் வைப்பது இப்படித்தான்.

"தொடக் கூடாதுப்பா. கையில இருக்குற எண்ணெய் பட்டாலே போச்சு."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரித் தாளைப் பாறைமேல் பிடித்து, பென்சிலால் ஒவ்வொரு கோட்டையும் இழுக்கிறாள். சித்திரத்தை மட்டும் இல்லை. பாறையின் வெடிப்பு, பறவை எச்சம், பாசி எல்லாவற்றையும். எச்சம் எதற்கு என்றேன். "அதுவும் இந்தப் பாறைக்கு நடந்ததுதானே. எதையும் விடக் கூடாது" என்றாள். கை நடுங்கவே இல்லை. லேத்தில் முப்பது வருஷம் நின்றவன் சொல்கிறேன், அந்தக் கை லட்சத்தில் ஒன்று.

இந்தக் கையை நிறுத்தவா நான் வந்திருக்கிறேன்?

ஜூலை 16, வெள்ளி

காற்று. ஏற்றவில்லை. அது சாக்கு. பயம்.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று இன்று இரண்டு தடவை கேட்டாள். "திட்டிக்கிட்டு இருக்கா" என்றேன். அது பொய் இல்லை.

ஜூலை 17, சனி

எப்படி எழுதுவது. எழுதுகிறேன்.

காலையில் மரகதமும் தோமாவும் தண்ணீர் எடுக்கக் கீழே போனார்கள். நான் மட்டும் மேலே. வேணி சொன்ன மாதிரி காற்றில்லாத இடம் தேடினேன். எங்கே வைத்தாலும் காற்று. கடைசியில் அந்தச் சிவப்பு மானுக்கு நேர் கீழே பாறையில் ஒரு திட்டு, மூன்று பக்கமும் மறைவு. தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்துப் பார்த்தேன், சுடர் ஆடவே இல்லை. மின்விசிறியை நிறுத்தினவன் புத்தி எங்கே போகும்? எரிய வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஆமாம், இருந்தது. அவள் வர வேண்டும். எனக்குத் தனியாக முடியாது.

டப்பாவின் தகர மூடியில் ஒரு கட்டியை வைத்து ஏற்றினேன். வேணி கேட்கச் சொன்னதைக் கேட்டேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. நேராக நின்று எரிந்தது. மரகதத்திடம் எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தையைக்கூட எடுத்து வைத்துக்கொண்டேன்: 'பாப்பா, உக்காரு.' அவ்வளவுதான், அடுத்தது தானாக வரும் என்று.

கண்ணை மூடியிருந்தேன். புகையைப் பார்க்கவில்லை.

"அப்பா, என்ன பண்றீங்க?"

திரும்புவதற்குள் ஓடி வந்து தொப்பியைக் கழற்றி ஓங்கி அடித்தாள். ஒரே அடி. மூடி உருண்டு கீழே போயிற்று. பாதிக் கட்டி கூட எரியவில்லை.

மேலே பார்த்தால், மானின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கரி. குளம்பின் நுனியைத் தொட்டுக்கொண்டு.

"இது கோயில் இல்லப்பா. இத்தனை நூறு வருஷம் யாரும் ஒண்ணும் பண்ணாம இருந்துச்சு. நீங்க ஒரு நிமிஷத்துல... துடைக்கவும் முடியாது, துடைச்சா சிவப்பும் சேந்து வந்துடும். என்னை நம்பித்தானே விட்டிருக்காங்க. நான் என்னன்னு எழுதுவேன்? எங்க அப்பா சாமி கும்பிட்டார்னா?"

அழுதுகொண்டே கத்தினாள். கத்தக் கூடாத மலை என்று அவள்தான் எழுதியிருந்தாள். நான் நின்றேன். கையில் தீப்பெட்டி. அணைந்தது அணைந்துவிட்டது, இதுதான் பதில் என்று ஒரு பக்கம் ஓடுகிறது. இதெல்லாம் ஒரு பதிலா, அவளல்லவா அணைத்தாள் என்று இன்னொரு பக்கம். தெய்வம் தொப்பி போட்டுக்கொண்டு வருமா? வராது என்று யார் சொன்னது?

தோமா மெதுவாக ஏறி வந்தார். கரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. மரகதத்திடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எரிச்சலோடு தமிழில் சொன்னாள்:

"உங்க வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்லைன்னு கேக்குறார்."

அந்த நிமிஷம். இன்னொரு வாசலைத் திறந்து வைத்த மாதிரி. 'பாப்பா, உக்காரு' என்றால் போதும்.

"எனக்குத்தான். மூளையில" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தோமாவுக்கு அதை மொழிபெயர்க்கவும் இல்லை. ஆனால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பாஷை தெரியாதவருக்கு மட்டும் புரிந்துவிட்டதோ என்று இருந்தது.

மூடியைத் தேடி எடுத்து டப்பாவை மூடினேன். உள்ளே இன்னொரு கட்டி இருக்கிறது. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான்.

ஜூலை 19, திங்கள்

புறப்பாடு. கோபம் போய்விட்டது என்று காட்ட மரகதம் தன் கம்பளிச் சட்டையை எனக்குப் போட்டுவிட்டாள். "கத்திட்டேன்ப்பா. அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

அம்மாவிடம் மகளைப் பற்றிச் சொல்லக் கூடாது. மகளிடம் அம்மாவைப் பற்றிச் சொல்லக் கூடாது. நல்ல தபால்காரன் நான்.

லாரி கிளம்பும்போது தோமா மாட்டுச் சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 25, ஞாயிறு

வேணி இளைத்திருக்கிறாள். பதினாறு நாளில் இவ்வளவா? வாசலிலேயே கேட்டாள்.

"ஏத்தினீங்களா?"

"ஏத்தினேன். பாதியில அணைஞ்சிடுச்சு."

என் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "எதனால?"

"காத்து."

"மறைவாப் பாத்து ஏத்தச் சொன்னேனே."

"அங்க எந்தப் பக்கமிருந்து வருதுன்னே தெரியல."

"சரி. வேண்டாம்னா வேண்டாம்" என்று எனக்குக் காப்பி போட எழுந்தாள். முதுகைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் டபராவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

பிறகு எல்லாவற்றையும் கேட்டாள். அவள் என்ன சாப்பிடுகிறாள், எங்கே படுக்கிறாள், முடியை வெட்டிவிட்டாளா. கோழிகளைப் பற்றிச் சொன்னேன். சிரித்துவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டாள். பாதிக்கதையில் நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

கண் மஞ்சளாகிவிட்டது. சீதா தினமும் கஞ்சி கொண்டுவருகிறாள். "அன்ரி ரெண்டு கரண்டி குடிச்சவ அங்கிள்" என்று ஒரு பெரிய சாதனை மாதிரி என்னிடம் சொல்கிறாள். ஆமாம், சாதனைதான்.

செப்டம்பர் 8, புதன்

ஆஸ்பத்திரி. மயக்கத்தில் மரகதம் வந்துவிட்டாளா என்று சீதாவிடம் கேட்டாளாம். என்னிடம் கேட்கவில்லை.

தந்தி அடித்துவிட்டேன். சத்தியமும் போகட்டும், கற்பூரமும் போகட்டும். இதை ஜூலையிலேயே செய்திருந்தால் என்ன, முட்டாளே?

செப்டம்பர் 14, செவ்வாய்

பதில் இல்லை. தந்தி மௌன் வரைக்கும்தான் போகும், அங்கிருந்து அடுத்த லாரி. லாரி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 19, ஞாயிறு

மத்தியானம் தெளிவாக இருந்தாள். பக்கத்தில் கூப்பிட்டு, "காத்துதானே?" என்றாள்.

"காத்துதான்."

தலையை ஆட்டினாள்.

செப்டம்பர் 21, செவ்வாய்

காலை பத்தேகாலுக்கு வேணி போய்விட்டாள்.

செப்டம்பர் 24, வெள்ளி

மின்சாரத் தகன மேடை. உள்ளே கற்பூரம் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பரராசசிங்கம் வாதாடப் போனார். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். எனக்கு இனிமேல் அது ஏற்ற வராது.

செப்டம்பர் 27, திங்கள்

மரகதம் வந்தாள். தந்தி கையில் கிடைத்த அன்றே புறப்பட்டிருக்கிறாள்.

அக்டோபர் 3, ஞாயிறு

ஆறு நாளாகப் பேசாமல் இருந்தவள் இன்று பேசினாள். தட்டை நகர்த்திவிட்டு.

"உங்களுக்கு ஜூலையிலேயே தெரியும்."

"தெரியும்."

"என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்க. கோழி கதை சொன்னீங்க. அம்மா திட்டிக்கிட்டு இருக்கான்னீங்க."

"சொல்லக் கூடாதுன்னு உங்கம்மா சத்தியம் வாங்கிட்டா. நீ மறுபடி எல்லாத்தையும் பாதியில விட்டுடுவேன்னு..."

"யாருக்கு உடம்பு சரியில்லைன்னு தோமா கேட்டார். என் வாயால, தமிழ்ல, நானே உங்ககிட்ட கேட்டேன். அப்பக்கூடச் சொல்லலை. ஜோக் அடிச்சீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதற்கும் ஒரு வாய்ப்பேச்சு வைத்திருக்கிறவன். அவள் நகர்த்தின தட்டை எடுத்துக் கழுவினேன்.

அக்டோபர் 17, ஞாயிறு

மரகதம் அம்மாவின் சேலைகளை எடுத்து அடுக்கினாள். ஒன்றைக் கட்டிப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று அவள்தான் திருப்பி வைத்தாள்.

டிசம்பர் 24, வெள்ளி

பட்டறையில் கேக் கொடுத்தார்கள். இருவருமாகச் சாப்பிட்டோம். நன்றாகவே இல்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

1977 மார்ச் 12, சனி

மரகதத்துக்கு அருங்காட்சியகத்திலிருந்து கடிதம். விட்ட இடத்திலிருந்து முடித்துத் தரலாமாம். "போகட்டுமாப்பா?" என்றாள். "போகாட்டி உங்கம்மா என்னைத் திட்டுவா" என்றேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு சிரித்தாள்.

ஏப்ரல் 2, சனி

நாளைக்குப் புறப்படுகிறாள். பெட்டி கட்டும்போது நீளமான குழாய் ஒன்றிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தரையில் விரித்தாள். நாலு மூலையிலும் அரிசி டப்பா, பருப்பு டப்பா வைத்தோம். அந்தச் சிவப்பு மான். முதுகுக் கோடு, வெடிப்பு, எச்சம், பாசி எல்லாம் இருந்தது. முன்னங்காலுக்குப் பக்கத்தில் அந்தக் கரியும். விளிம்பு பிசகாமல் இழுத்திருந்தாள். மற்ற குறிப்பெல்லாம் இங்கிலீஷில். அதற்குப் பக்கத்தில் மட்டும் பொடி எழுத்தில் தமிழில்: 'கற்பூரக் கரி. 17-7-76. அப்பா.'

"மியூசியத்துல திட்டினாங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு மாசம் தனியா மேல போகக் கூடாதுன்னாங்க. அப்புறம் விட்டுட்டாங்க. தமிழ்ல எழுதினது என்னன்னு கேட்டாங்க. கரின்னு சொன்னேன்."

கொஞ்ச நேரம் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அலமாரியிலிருந்து ஃபிலிம் டப்பாவை எடுத்து வந்து கொடுத்தேன், ஃபிலிம் வைத்துக்கொள்ளட்டும் என்று. திறந்து பார்த்தாள். உள்ளே மிளகு மட்டும். கட்டி கரைந்து போயிருந்தது. மிளகு போட்டும் நிற்கவில்லை.

முகர்ந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"அம்மாதானே ஏத்தச் சொன்னாங்க?"

"ஆமா."

"அவங்களுக்கு நல்லாகணும்னு வேண்டிக்கிட்டாங்க. நான் தொப்பியால அடிச்சேன். எரிஞ்சு முடியட்டும்னு விட்டிருக்கலாம்."

"விட்டிருந்தா மான் முழுசாக் கறுத்துப் போயிருக்கும். நல்ல வேளை அணைச்ச."

"நிஜமாவா?"

"நான் பண்ணின கூத்துக்கு நீ என்ன பண்ணுவ? உங்கம்மா தனக்காக ஒண்ணும் கேக்கல. நீ எடுத்த வேலையை முடிக்கணும்னுதான் வேண்டிக்கச் சொன்னா."

அவள் தாளை மெதுவாகச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டாள். டப்பாவை மிளகோடு அப்படியே மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு என் தோளில் சாய்ந்தாள். சின்னப் பிள்ளையில் சாய்ந்த மாதிரி.

முழுக்க எரிந்தால் உன்னைக் கையோடு கூட்டி வரச் சொன்னாள். அதை மட்டும் சொல்லவில்லை.